முட்டை உடையாத வண்டி

வடசென்னை டோல்கேட்டில் முட்டை மொத்த வியாபாரம் செய்யும் ராசையா அண்ணாச்சிக்கு உலகத்தில் எதை எடைபோடவும் ஒரே அளவுகோல்தான். முட்டை உடைகிறதா, இல்லையா? ரோடு நல்ல ரோடா என்பதையும், டிரைவர் நல்ல டிரைவரா என்பதையும் அவர் அப்படித்தான் முடிவு செய்வார். மகளுக்கு வந்த முதல் வரனிடம்கூட ஓர் அட்டை முட்டையைக் கையில் கொடுத்து நாலு எட்டு நடக்கச் சொன்னார். அந்தச் சம்பந்தம் வாசற்படியிலேயே வழுக்கிப் போயிற்று. இதைக் கிறுக்கு என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களில் யாரும் முட்டை வியாபாரம் செய்தவர்கள் இல்லை.

அவரிடம் ஒரு பழைய ஜீப் இருந்தது. ராணுவத்தில் கழித்துவிட்டதை ஏலத்தில் எடுத்தது. விடிந்ததும் முட்டை அட்டைகளை அடுக்கிக் கட்டிக்கொண்டு, திருவொற்றியூர் தாண்டி, எண்ணூர் தாண்டி, முகத்துவாரக்குப்பம் வரைக்கும் கடை கடையாக இறக்கிவிட்டு வருவார். கன்டெய்னர் லாரிகள் உழுது போட்ட வழி அது. ஜீப் ஆடும், இருமும், சில நாள் மூக்கைச் சிந்தும். முட்டை மட்டும் உடையாது. அது ஏன் என்று ராசையாவுக்குத் தெரியாது, ஜீப்புக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில் ராயபுரத்தில் நடந்த ஒரு கல்யாணம் மண்ணை அள்ளிப் போட்டது. மண்டபத்துக் காவலாளி ஜீப்பைப் பார்த்ததும் பின்பக்கமாகப் போகச் சொல்லிவிட்டான். ஜெனரேட்டருக்கும் ரச அண்டாவுக்கும் நடுவில் அதை நிறுத்த வேண்டியதாயிற்று. எதிர்க்கடை மாரியப்பன் புதிதாக வாங்கியிருந்த 'வனராஜா' வண்டியோ முன்வாசலில், வாழை மரத்துக்குப் பக்கத்தில், மாப்பிள்ளையின் தாய்மாமன் மாதிரி நின்றுகொண்டிருந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் அதன்மேல் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். ராசையாவின் மனைவி தங்கபுஷ்பம் பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அண்டாவைத் தாண்டி வந்தாள். தாண்டும்போதே ஒரு தீர்மானம் செய்துவிட்டாள். அந்த வீட்டில் அவள் தீர்மானம் தோற்ற வரலாறு இல்லை.

வனராஜா என்பது மலை ஏறும், மணலில் நீந்தும், ஆற்றில் இறங்கும் வண்டி. மாரியப்பனின் வனராஜா அவர் கடை வாசலிலேயே நின்றது. அவர் வீடு கடைக்கு மேல்மாடியில். வனராஜா என்றால் கோழியில் ஒரு ரகமாயிற்றே என்று மட்டும்தான் ராசையாவுக்குத் தோன்றியது. தங்கபுஷ்பம் முறைத்த முறைப்பில் அதை அவர் வெளியே சொல்லவில்லை.

வனராஜாவை விற்கும் நிறுவனத்தார் தங்கள் கடையைக் கடை என்று சொல்ல மாட்டார்கள். 'நிலப்பரப்பு அனுபவ மாளிகை' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். ராசையாவும் தங்கபுஷ்பமும் உள்ளே நுழைந்ததும் ஒருவர் மண்வாசனை தெளித்தார். அது வெளிநாட்டிலிருந்து வரவழைத்த மண்வாசனையாம். வாசலிலேயே வேண்டிய மட்டும் மண் கிடந்தது, ஆனால் அதை மிதித்துவிட்டு உள்ளே வரக் கூடாது என்று காலுக்கு உறை மாட்டினார்கள். ராசையா ஒரு கையில் வண்டியைச் சோதிக்கக் கொண்டுவந்த முட்டை அட்டையோடு, உறை மாட்டிய காலோடு, ஆஸ்பத்திரியில் பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகிறவர் போல நடந்தார்.

அவர்களை வரவேற்ற பெண்ணின் பெயர் யசோதரா. புளியந்தோப்புக்காரி. 'வாடிக்கையாளர் வழித்துணை' என்று பதவி. அங்கே 'விலை' என்ற சொல்லை உச்சரித்தால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்களாம்; அதற்குப் பதில் 'ஈடுபாடு' என்றுதான் சொல்ல வேண்டும். மூன்று ரகம் இருக்கிறது, மேலே போகப் போக ஈடுபாடு கூடும் என்று அவள் ஒப்பித்தாள். எவ்வளவு ஈடுபாடு என்று ராசையா கேட்டார். அவள் சொன்னதைக் கேட்டதும் முட்டை அட்டையைத் தங்கபுஷ்பத்திடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் 'பயண அனுபவத் தலைவர்' அபின் வந்தார். வேட்டைக்குப் போகிறவர் சட்டை, மலை ஏறுகிறவர் பூட்ஸ். அந்தப் பூட்ஸ் மலையை மட்டுமல்ல, மழையையே பார்த்ததில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. மூன்று ரகத்துக்கும் என்ன வித்தியாசம் என்று ராசையா கேட்க, அபின் கண்ணை மூடிக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"முதல் ரகம் சேற்றில் போகும் சார். நடு ரகமும் சேற்றில் போகும், ஆனால் போவது உங்களுக்குத் தெரியாது. உச்ச ரகம் சேற்றில் போகாது. அதை வாங்கக்கூடிய ஒருவருக்குச் சேற்றில் போகிற நிலைமை வாழ்க்கையில் வரவே கூடாது என்பதுதான் எங்கள் நிறுவனரின் கனவு."

தங்கபுஷ்பத்துக்கு உச்ச ரகம் பிடித்துவிட்டது. ராசையா விடாமல் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு வட்டக் குமிழ் இருந்தது. அதைத் திருப்பினால் மணல், சேறு, பாறை, பனி என்று வழிக்குத் தக்கபடி வண்டி தன்னை மாற்றிக்கொள்ளுமாம். அவர் குமிழை இரண்டு முறை முழுதாகச் சுற்றிப் பார்த்தார்.

"இதுல எண்ணூரு எங்கன இருக்கு தம்பி?"

அபின் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பனி இருக்கிறதே சார்" என்றார்.

ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று ராசையா ஒற்றைக்காலில் நின்றார். ஓட்டலாம், ஆனால் நிறுவனம் ஒப்புக்கொண்ட தரையில்தான் ஓட்ட வேண்டும் என்றார்கள். ஒப்புக்கொண்ட தரை என்பது மாளிகையின் பளிங்குத் தரை. பின்சீட்டில் முட்டை அட்டையை வைத்து, பக்கத்தில் தங்கபுஷ்பத்தையும் வைத்து, வரவேற்பு மேஜையை நாலைந்து தரம் சுற்றி வந்தார்கள். ஒரு முட்டைகூட உடையவில்லை. ஏசியின் குளிர்ச்சியில் தங்கபுஷ்பம் இரண்டாம் சுற்றிலேயே தூங்கிவிட்டாள். பளிங்கில் ஓடினால் கடகடவென்று ஆடும் மீன்பாடி வண்டியில்கூட முட்டை உடையாது என்பது ராசையாவுக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. குளிரில் மனிதனுக்கு யோசனை உறைந்துபோகும் என்பதைத் தெரிந்துதான் அப்படி ஏசி வைத்திருக்கிறார்கள்.

பழைய வண்டியை ஒப்படைத்தால்தான் புதியது கிடைக்கும் என்பது விதி. ஒப்படைத்த ஜீப்பை வருகிற வெள்ளிக்கிழமை மதியம், 'பசுமை விடைபெறல்' என்ற விழாவில், இயந்திரத்தில் போட்டு நசுக்கி, அந்த இடத்தில் ராசையா பெயரால் ஒரு வேப்பங்கன்று நடுவார்கள். உச்ச ரகத்துக்கும் சேர்த்தே ராசையா தலையாட்டிவிட்டார். ஆனால் ஜீப்புக்குப் பச்சை ரிப்பன் கட்டிக் கொல்லைப்பக்கம் தள்ளிக்கொண்டு போனபோது அவர் உறை மாட்டிய காலோடு பின்னாலேயே போனார். போகிற போக்கில் அது ஒரு தரம் இருமிய மாதிரிக்கூட இருந்தது.

வண்டி ஒப்படைப்பு விழா என்று ஒன்று நடந்தது. வனராஜாவுக்குச் சிவப்புப் பட்டுப் போர்த்தியிருந்தார்கள். வண்டி உருவத்திலேயே கேக் வெட்டினார்கள். ஆள் உயரத்துக்கு ஒரு தெர்மாகோல் சாவியை இருவரும் பிடித்துக்கொண்டு நிற்க, ஊழியர்கள் தாளம் தப்பாமல் கைதட்டினார்கள். கடைசியாக 'கலாச்சார வரவேற்புப் பொதி' வந்தது. பொதி என்றால் எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் கோத்த கறுப்புக் கயிறு. அதை வண்டியின் மூக்கில், ஒரு கறுப்புக் கண்ணாடிச் சில்லுக்கு நேர் எதிரே, நிறுவனத்தார் கையாலேயே தொங்கவிட்டார்கள். அதற்குத் தனி ஈடுபாடு.

மறுநாள் விடிகாலை ராசையா முட்டைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். வண்டி வணக்கம் சொன்னது. நல்ல சுத்தமான தமிழ், பட்டிமன்றத்தில் பேசுகிறவர் மாதிரி. தெருமுனை திரும்பியதும், "ராசையா, எதிரே தடை உள்ளது" என்றது. எதிரே ஒரு நாயைக்கூடக் காணோம். பிரேக் தானாக விழுந்தது. பின்னால் அட்டைகள் சரிந்தன. நகர்ந்தார், மறுபடியும் தடை உள்ளது. டோல்கேட் சிக்னலுக்கு வரும் வரை அந்தத் தடை அவரை விடாமல் பின்தொடர்ந்தது, இல்லை, முன்தொடர்ந்தது. சிக்னலில் விழுந்த பிரேக்கில், முன்சீட்டுக்குக் கீழே இருந்த ஓர் அட்டை தவிர, மிச்சமிருந்த அடுக்கும் சாய்ந்து, மஞ்சள் கரு சீட்டுக்கு அடியில் ஆறாக ஓடியது.

"பயணிகள் பகுதியில் திரவம் கசிகிறது" என்றது வண்டி. "அஞ்ச வேண்டாம். மீட்புக் குழு புறப்பட்டுவிட்டது." சொல்லிவிட்டுக் கதவுகளைப் பூட்டிக்கொண்டது.

நிறுவனத்தின் மீட்புக் குழு தலைக்கவசத்தோடு வந்தது. ராசையாவின் கழுத்துக்குப் பட்டை மாட்டி, இன்று என்ன கிழமை என்று கேட்டார்கள். அவர் "என் முட்டை, என் முட்டை" என்றார். நினைவு தப்பிவிட்டது என்று ஒருவர் இன்னொருவருக்குச் சொன்னார். வண்டியை அவரோடு சேர்த்து ஒரு பெரிய லாரியின் மேல் ஏற்றிக் கட்டினார்கள். அப்படி அவர் டோல்கேட்டில், கழுத்துப் பட்டையோடு, எல்லாருக்கும் மேலே, அசையாமல் உட்கார்ந்து போனதை வியாபாரிகள் எல்லாரும் பார்த்தார்கள். மாரியப்பன் கடையைவிட்டு இறங்கி வந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரு கும்பிடு போட்டார்.

ராசையாவுக்கு அன்றோடு ஆசை அறுந்தது. புதுவண்டி வேண்டாம், ஜீப்பைக் கொடுத்துவிடுங்கள் என்று மாளிகையில் போய் நின்றார். அதற்கென்ன, கொடுக்கலாமே என்றார் அபின். ஒரு வாரத்துக்குள் திருப்பித் தரும் உரிமை எல்லாருக்கும் உண்டு. ஆனால் கரடுமுரடான வழியில் ஓட்டிப் பார்த்துப் பிடிக்காமல் போயிருக்க வேண்டும். கரடுமுரடான வழியில் ஓட்ட நிறுவனத்தின் பயிற்சி முத்திரை வேண்டும். முத்திரை இல்லாமல் ஓட்டினால் உத்தரவாதம் போய்விடும். உத்தரவாதம் போன வண்டியைத் திருப்பி எடுக்க மாட்டார்கள். நல்ல ரோட்டில் ஓட்டிப் பிடிக்காமல் போனால் அது ரசனைக் குறைபாடு, நிறுவனம் பொறுப்பல்ல.

அப்படியானால் டோல்கேட்டிலிருந்து எண்ணூர் போகும் வழி நல்ல ரோடா, கரடுமுரடா என்று ராசையா கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. அதற்கு ஒரு குழு உட்கார்ந்தது. ரோடு என்று சொன்னால் இந்த வண்டி அங்கே ஏன் திணறியது என்ற கேள்வி வரும். ரோடு இல்லை என்றால் முத்திரை இல்லாதவர் அங்கே ஏன் போனார் என்ற கேள்வி வரும். இரண்டு நாள் டீயும் முந்திரி பிஸ்கட்டும் தீர்ந்த பிறகு அபின் வெளியே வந்து தீர்ப்புச் சொன்னார்.

"அது சாலையும் அல்ல, சாலை இல்லாததும் அல்ல சார். சாலை ஆக வேண்டும் என்ற ஓர் எண்ணம். எண்ணத்தின் மேல் ஓட்டுவதற்கு எங்கள் வண்டி வடிவமைக்கப்படவில்லை."

வண்டி ஏன் நின்று நின்று போனது என்பதையும் அதே குழு கண்டுபிடித்திருந்தது. மூக்கில் அந்தக் கறுப்புச் சில்லுக்குள் இருக்கும் கண்ணுக்கு எலுமிச்சம்பழம் மலை மாதிரி தெரிகிறதாம். எலுமிச்சையை எலுமிச்சை என்று அறியும் அறிவை வண்டிக்கு ஊட்டலாம், அதற்கு ஈடுபாடு தனி. கயிற்றை அறுத்துவிட்டால் போகிறது என்று ராசையா கையை நீட்டினார். யசோதரா பதறிப்போய் அவர் கையைப் பிடித்து, யாருக்கும் கேட்காமல் சொன்னாள்.

"தொடாத அண்ணாச்சி. அது கம்பேனி கட்னது. கழட்டினா வாரண்டி பூடும்."

ஒரே வழிதான் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை எண்ணூர்ப் பக்கம் நிறுவனத்தின் திடலில் பயிற்சி நடக்கிறது. அதில் தேறி முத்திரை வாங்கினால் வண்டியைத் திருப்பித் தரலாம். அதே திடலில்தான் மதியம் ஜீப்பை நசுக்கப் போகிறார்கள். காலைக்கும் மதியத்துக்கும் நடுவில்தான் ஜீப்பின் உயிர் இருந்தது. ராசையா அன்று சாப்பிடாமல் கிளம்பினார். தங்கபுஷ்பம் அவரைப் பார்க்கப் பொறுக்காமல் கூடவே வந்தாள். ரச அண்டா விஷயத்தைத் தான் பெரிதுபடுத்தியிருக்க வேண்டாமோ என்று வழியில் ஒரு தரம் சொன்னாள். அவள் அப்படிச் சொன்னது கல்யாணம் ஆன நாளிலிருந்து முதல் தடவை.

பயிற்சிக்கு வந்த வனராஜாக்கள் எல்லாம் லாரிகளின் மேல் ஏறி வந்தன. திடலுக்குப் போகும் வழி மோசமாக இருந்ததுதான் காரணம். திடலில் சேறு தயாராக இருந்தது. வேறு மாவட்டத்து மண்ணைக் கொண்டுவந்து, சலித்து, கல் பொறுக்கி, அளந்து தண்ணீர் ஊற்றிப் பிசைந்த சேறு. பாறைகளின் முனைகளை வண்டிக்குக் கீறல் விழாதபடி தேய்த்து வைத்திருந்தார்கள். மாரியப்பனும் வேட்டைத் தொப்பி வைத்துக்கொண்டு வந்திருந்தார். ஓரத்தில், நசுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், மாலை போட்ட ஜீப் நின்றது. அதன் காலடியில் வேப்பங்கன்றும் விடைபெறும் கேக்கும் இருந்தன.

அபின் உச்ச ரக வண்டியில் உட்கார்ந்தபடியே மைக்கில் பேசினார். "நண்பர்களே, மனிதன் காலங்காலமாகக் காட்டைக் கண்டு அஞ்சினான். எங்கள் நிறுவனம் அந்த அச்சத்தை நீக்கியது. எப்படி? காட்டை நீக்கினோம். இங்கே நீங்கள் எதிர்பாராத எதுவும் நடக்காது. அதற்குத்தான் நீங்கள் இவ்வளவு ஈடுபாடு காட்டியிருக்கிறீர்கள்."

அந்தச் சொல் வாயிலிருந்து விழுந்ததும் கடல் பக்கமிருந்து மழை வந்தது. வந்தது என்றால் சும்மா வரவில்லை, வாடகை பாக்கி கேட்கிறவன் மாதிரி வந்தது. எண்ணூர் மண் கரைந்து, சலித்த சேற்றோடு கலந்தது. வனராஜாக்கள் ஒவ்வொன்றாகத் திகைத்தன. "இந்தச் சேறு பதிவில் இல்லை. பாதுகாப்பு நிலைக்குச் செல்கிறேன்" என்று சொல்லிக் கதவைப் பூட்டி, கண்ணாடியை ஏற்றி, அப்படியே உட்கார்ந்துவிட்டன. ராசையாவின் வண்டி எலுமிச்சம்பழத்துக்குப் பயந்து முன்பே நின்றுவிட்டதால் அது திடலுக்குள் இறங்கவே இல்லை. மீட்க வந்த லாரிகள் அச்சு வரை புதைந்தன. நசுக்கும் இயந்திரம் ஒருபக்கம் சாய்ந்து யோசனையில் ஆழ்ந்தது. உள்ளே மாட்டிக்கொண்ட மாரியப்பன் கண்ணாடியைத் தட்டித் தட்டிக் கும்பிட்டார். அபினின் மைக் மட்டும் வேலை செய்தது. எல்லாம் திட்டப்படிதான் நடக்கிறது, யாராவது கதவைத் திறக்கவும் என்று அது மாறி மாறிச் சொல்லிற்று.

நனைந்தபடி ஓடி வந்த யசோதரா, ராசையா ஜீப்பைத் தொடலாமா கூடாதா என்று விதியை நினைத்து நிற்பதைப் பார்த்தாள்.

"இன்னா அண்ணாச்சி பாத்துகினு கீற? ரூலெல்லாம் தண்ணில பூட்ச்சு. உன் வண்டிய நீ எடு."

ராசையா மாலையைக் கழற்றிக்கூட வைக்கவில்லை. ஏறி உட்கார்ந்து மிதித்தார். ஜீப் இருமியது, சிந்தியது, பிறகு ஊரே கேட்கும்படி சிரித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அவர் அழுதார். மழையில் யாருக்கும் தெரியாது என்பதால் நன்றாகவே அழுதார். யசோதரா கயிற்றைக் கட்டிக்கொடுக்க, ஒவ்வொரு வனராஜாவாக இழுத்து மேட்டில் போட்டார். இழுக்கும்போது அவை சும்மா வரவில்லை. "உதவுங்கள், நான் களவாடப்படுகிறேன்" என்று தூய தமிழில் ஓலமிட்டுக்கொண்டே வந்தன. கடைசியாக அபினின் உச்ச ரகம் ஓலமிட்டு வந்தது. தங்கபுஷ்பம் குடையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் நின்று பார்த்தாள். மண்டபத்துக் காவலாளி இங்கே இல்லையே என்பதுதான் அவள் குறை.

வெளியே வந்த அபின் முதலில் நன்றி சொல்லவில்லை. ஜீப்பையே பார்த்தார். சுற்றி வந்து பார்த்தார். ஒதுங்கிப் போய் மேலிடத்தோடு ஃபோனில் பேசினார். மழை தூறலாகக் குறைந்தபோது மேட்டில் ஏறி நின்று, நசுக்கும் நிகழ்ச்சி கைவிடப்பட்டது என்று அறிவித்தார். ராசையா இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். ஆனால் அறிவிப்பு அத்தோடு முடியவில்லை.

"பேசாத வண்டி. பூட்டிக்கொள்ளாத கதவு. நேரடி இயற்கைக் காற்று. உச்ச ரகத்துக்கும் மேலே, எங்கள் 'மரபு ரகம்' இன்று அறிமுகமாகிறது. உலகத்திலேயே ஒன்றுதான் இருக்கிறது. ஈடுபாடு அதற்குத் தக்கபடி."

"இது என் வண்டில்லா?" என்றார் ராசையா.

"இருந்தது சார்" என்றார் அபின் அன்போடு.

மாரியப்பன் கையைத் தூக்கி, தன் வனராஜாவோடு மேலே எவ்வளவு வேண்டுமானாலும் தருவதாகச் சொன்னார். ராசையா ஜீப்பை இறுகப் பிடித்துக்கொண்டார். யசோதராதான் குறுக்கே வந்து, அண்ணாச்சியின் உச்ச ரக வண்டியை அப்படியே எடுத்துக்கொண்டு, மிச்சத்துக்கு நிறுவனத்தின் கேன்டீனுக்கு வருஷம் முழுக்க முட்டை போடச் சொல்லிப் பேசி முடித்தாள். திருப்பித் தருவதற்குத்தான் முத்திரை வேண்டும், மாற்றி வாங்குவதற்கு வேண்டாம் என்று அவளே விதியை எடுத்துக் காட்டினாள். தங்கபுஷ்பம் தானே வனராஜாவின் சாவியை நீட்டினாள். ஏசி மட்டும் நன்றாக இருந்தது என்று பிற்பாடு ஒத்துக்கொண்டாள்.

மறுபடியும் ஒப்படைப்பு விழா நடந்தது. தன் சொந்த ஜீப்பின் மேலிருந்து ராசையா பட்டுத் துணியை விலக்கினார். விடைபெறுவதற்கு வாங்கிய கேக்கையே வரவேற்புக்கு வெட்டினார்கள். தெர்மாகோல் சாவி மழையில் ஊறி நடுவில் வளைந்திருந்தது. எலுமிச்சையும் மிளகாயும் கட்டினார்கள். ஜீப்புக்குக் கண் இல்லாததால் அது பயப்படவில்லை.

கிளம்பும்போது அபின் தயங்கித் தயங்கி வந்தார். ராயபுரம் போக வேண்டும், வழியெல்லாம் தண்ணீர், நிறுவனத்தின் வண்டிகள் எதுவும் பாதுகாப்பு நிலையிலிருந்து வெளியே வர மறுக்கின்றன, ஓரமாக ஓர் இடம் கிடைக்குமா என்று கேட்டார். முன்சீட்டில் தங்கபுஷ்பமும் யசோதராவும் ஏற்கெனவே நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். ராசையா பின்னால் கையைக் காட்டினார். அபின் மலை ஏறும் பூட்ஸோடு முதல் தடவையாகச் சேற்றில் கால் வைத்து ஏறிக்கொண்டார். ராசையா தன் வனராஜாவில் உடையாமல் மிஞ்சியிருந்த ஒரே முட்டை அட்டையை எடுத்து வந்து, அவர் மடியில் வைத்து, அவர் இரண்டு கையையும் அதன் இரண்டு பக்கமும் எடுத்து வைத்தார்.

"கெட்டியா புடிச்சுக்கிடுங்க தம்பி. ஒண்ணு உடைஞ்சாலும் உத்தரவாதம் போயிரும், பாத்துக்கிடுங்க."

ஜீப் இருமிக்கொண்டு எண்ணூர் ரோட்டில் இறங்கியது. ராயபுரம் வரும் வரைக்கும் பயண அனுபவத் தலைவர் மூச்சுகூட விடவில்லை.